ஃபீல்டுக்குப் போக இன்னும் பதினொரு நாள்

தென்னாப்பிரிக்க ராணுவத்தில் ஆபீசர் பயிற்சியில் இருக்கிறேன். லீவில் டர்பன் சாட்ஸ்வொர்த் வீட்டுக்கு வந்து நாலு நாள் ஆகிறது. வந்த அன்றைக்கே ஆயா (என் பாட்டி) என் குதிகாலைப் பார்த்துவிட்டு, "இது பொம்பளைப் பிள்ளை காலா, கரும்புத் தோட்டத்துக் கூலி காலா?" என்று கேட்டாள். விளக்கெண்ணெய்ப் போத்தலோடு வந்தவளிடமிருந்து தப்பித்து ஓடினேன். இத்தனை மாதத்தில் நான் சம்பாதித்த ஒரே சொத்து அந்தத் தடித்த தோல்தான், அதை எண்ணெய் போட்டு இளக்கிவிட்டால் மறுபடி கொப்புளத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

அடுத்தது ஓட்ஸ்ஹூர்ன். காலாட்படைப் பள்ளி அங்கேதான் இருக்கிறது, டர்பனிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். ஆபீசர் ஆகப் போகிறவர்களை வெட்டவெளியில் விட்டு என்ன செய்கிறார்கள் என்று பார்க்கும் கட்டம், அதுதான் ஃபீல்டு. தேதி, எத்தனை நாள் என்றெல்லாம் இங்கே எழுத மாட்டேன், கேட்காதீர்கள்.

கல்யாண வீட்டிலும் கோயிலிலும் பார்க்கிறவர்கள் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: எத்தனை தண்டால் எடுப்பாய், எவ்வளவு தூரம் ஓடுவாய். 2.4 கிலோமீட்டர் ஓட்டத்தில் நான் ஒரு தடவையும் தோற்றதில்லை. என்னைக் கைவிட்டது கால் இல்லை, வாய்.

முந்தைய பயிற்சி ஒன்றில் ஒரு ராத்திரி என் முறை வந்தது. மத்தியானத்திலிருந்தே மழை, தூங்கியது இரண்டு மணி நேரம் இருக்கும். விடியற்காலைத் தாக்குதலுக்கு நான் ஆர்டர்ஸ் கொடுக்க வேண்டும். நோட்டுப் புத்தகத்தில் எல்லாம் எழுதித்தான் வைத்திருந்தேன், ஆனால் சிவப்பு வெளிச்ச டார்ச்சை எந்தப் பையில் வைத்தேன் என்று தேடவே ஐந்து நிமிடம் போய்விட்டது, கிடைத்தபோது பக்கங்கள் நனைந்து ஒட்டிக்கொண்டிருந்தன, வாயைத் திறந்தால் இரண்டாவது சொல்ல வேண்டியது முதலில் வருகிறது, அதே குன்றை ஒரு தடவை இடது பக்கம் என்றும் இன்னொரு தடவை வலது பக்கம் என்றும் சொல்லியிருக்கிறேன். ஒன்பது பேர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். டர்பன் பக்கத்துக் குவாமாஷூவிலிருந்து வந்த தோழி ஒருத்தி மெதுவாக, "எந்தப் பக்கம்தான் போகணும்?" என்று கேட்டாள். பயிற்றுநர் திட்டவில்லை. குனிந்து எதையோ எழுதிக்கொண்டார். திட்டியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

அதனால் இந்த லீவில் ஜிம் பக்கமே போகவில்லை. கொல்லையில் சுவர் கட்டியது போக மிச்சமிருந்த மணலைப் பரப்பி, தாக்கப் போகும் நிலத்தைச் சின்னதாகச் செய்து பார்க்கிறேன். 1:50,000 வரைபடத்தை எடுத்து, அதில் 20 மீட்டருக்கு ஒன்றாக ஓடும் உயரக் கோடுகளைப் பார்த்து மணலைக் குவித்தால் மலை, கையால் கீறினால் பள்ளம். ஆற்றுக்கு நீலக் கம்பளி நூல். நாங்கள் போகும் வழிக்குக் கோலப்பொடி. எதிரிக்குச் சிவப்பு வேண்டும், சாமி அறையிலிருந்து குங்குமத்தை எடுத்து வந்து தூவினேன், அதற்கு வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை.

ஆர்டர்ஸ் என்பது ஐந்து பகுதி: நிலவரம் என்ன, நம் வேலை என்ன, அதை எப்படிச் செய்யப் போகிறோம், சாப்பாடு தண்ணீர் தோட்டா மருந்துக்கு என்ன ஏற்பாடு, யார் தலைமை எது சிக்னல். பகலில் காப்பி குடித்துவிட்டு உட்கார்ந்து சொன்னால் எல்லாம் அழகாக வரும். அதனால் ராத்திரி மூன்று மணிக்கு அலாரம் வைத்து, கொல்லைக் குழாயில் தலையை நனைத்துக்கொண்டு, தம்பியை எழுப்பி அவனிடம் சொல்கிறேன். அவனுக்குக் கூலி, ஒரு தடவைக்கு ஒரு குவார்ட்டர் பீன்ஸ் பன்னி. (வெளியூர்க்காரர்களுக்கு: கால் ரொட்டியைக் குடைந்து குழம்பை ஊற்றித் தருவது. எங்கள் ஊர்ப் பன்னி சௌ போல வேறு எங்கும் கிடைக்காது, இதில் வாதத்துக்கு இடமில்லை.) நான் முடித்ததும் அவன் திருப்பிச் சொல்ல வேண்டும். முதல் ராத்திரி அவன் சொன்னதைக் கேட்டால் எதிரியை நாங்கள் தாக்குகிறோமா, விருந்துக்குக் கூப்பிடுகிறோமா என்றே தெரியவில்லை. தப்பு அவனுடையது இல்லை.

நேற்று ராத்திரி சத்தம் கேட்டு ஆயாவும் எழுந்து வந்துவிட்டாள். சால்வையைப் போர்த்திக்கொண்டு படியில் உட்கார்ந்து முழுசாகக் கேட்டாள். தமிழில் சொல்லு என்றாள், சொன்னேன். தமிழில் சொல்லும்போதுதான் எனக்கே எந்த இடம் புரியவில்லை என்பது பிடிபட்டது, மனப்பாடம் செய்த இங்கிலீஷ் வாக்கியங்கள் அதை மறைத்துவிடுகின்றன. முடித்ததும் ஆயா குங்கும மேட்டைக் காட்டி, "எல்லாரும் ஓடிப் போறீங்க, சரி. அடிபட்டு விழுறவன யாரு தூக்கிட்டு வருவா? எங்க கொண்டு போவீங்க?" என்றாள்.

நான்காம் பகுதியில் வர வேண்டியது அது. நான் எழுதவே இல்லை. தோட்டாவை எண்ணியிருந்தேன், தண்ணீரை எண்ணியிருந்தேன், காயம்பட்டவனைச் சேர்க்கும் இடத்தை விட்டிருந்தேன்.

அடுத்தது திசைகாட்டி. கரூ பக்கம் (கரூர் இல்லை, ஓட்ஸ்ஹூர்ன் இருக்கும் வறண்ட நிலம்) காந்த ஊசி உண்மையான வடக்கைக் காட்டாது, 25 பாகைக்கு மேல் மேற்கே தள்ளி நிற்கும். சென்னையில் இந்த வித்தியாசம் ஒன்றிரண்டு பாகைதான், அங்கே மறந்தாலும் பிழைத்துக்கொள்ளலாம். இங்கே வரைபடத்தில் அளந்த பாகையோடு இதைக் கூட்ட மறந்தால் ஒரு கிலோமீட்டர் நடந்து முடிக்கும்போது 400 மீட்டருக்கு மேல் தள்ளிப் போயிருப்போம், அதுவும் ரொம்ப நம்பிக்கையோடு. வானம் தெளிவாக இருந்தால் திரிசங்கு (தெற்குச் சிலுவை நட்சத்திரங்கள்) இருக்கிறது: அந்தச் சிலுவையின் நீளவாக்கை நாலரை மடங்கு நீட்டி, அங்கிருந்து நேர் கீழே அடிவானத்துக்கு இறங்கினால் தெற்கு. மேகம் வந்தால் ஊசியும் கணக்கும்தான்.

பை கட்டுவதைப் பெரியப்பாவிடம் கற்றுக்கொண்டேன். 1970-களில் டர்பனில் இந்தியர்களுக்கென்று ஜல்சேனா என்று ஒரு கடற்படைப் பயிற்சித் தளம் இருந்தது, அவர் அங்கே போனவர். கட்டாய ராணுவச் சேவை வெள்ளைக்காரப் பையன்களுக்கு மட்டும் இருந்த காலம், நம்மவர்கள் தாமாகப் போய்ச் சேருவார்கள், அதற்காகத் தாத்தா இரண்டு வருஷம் அவரோடு பேசவில்லையாம். அவர் அதைப் பற்றிப் பேச மாட்டார், நானும் தோண்டுவதில்லை. ஆனால் பை விஷயத்தில் பேசுவார். கண்ணைத் துண்டால் கட்டிக்கொள், நான் கேட்பதை எடு என்பார். டார்ச். மழைக்கோட்டு. உலர்ந்த சாக்ஸ். பத்து எண்ணுவதற்குள் கைக்கு வராவிட்டால் எல்லாவற்றையும் கொட்டி மறுபடி கட்ட வேண்டும். ஒரு ஜோடி சாக்ஸ் இரண்டு பிளாஸ்டிக் பைக்குள், தூங்கும்போது மட்டும், வேறு எதற்காகவும் அதைத் தொடக்கூடாது என்பது அவர் சட்டம். பாதி நேரம் வெயில் கொளுத்தி, ராத்திரி பல் தந்தியடிக்கும் ஊருக்குப் போகிறவளுக்கு அது சரியாகத்தான் படுகிறது.

சாயங்காலம் 10 கிலோ டேஸ்டிக் அரிசி மூட்டையைப் பையில் போட்டுக்கொண்டு சில்வர்கிளென் காட்டுப் பாதையில் நடக்கிறேன். கையில் பெரியப்பா கொட்டகையில் கிடந்த இரும்புக் குழாய், ஏனென்றால் எங்கள் ராணுவத்தின் ஆர்4 துப்பாக்கி குண்டு போடாமலேயே நாலு கிலோவுக்கு மேல், கை அதற்குப் பழகியிருக்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும் முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள் எல்லாம் உண்ணி இருக்கிறதா என்று பார்த்துவிடுவேன். உண்ணிக் காய்ச்சலோடு போய் இறங்கினால் இத்தனையும் வீண். ரேஷன் பொட்டலத்தில் மாட்டிறைச்சி டின் வந்தால் குவாமாஷூக்காரியிடம் தள்ளிவிட்டு அவளுடைய கண்டென்ஸ்டு மில்க்கை வாங்கிக்கொள்வதாக ஒப்பந்தம்.

இன்று காலை கொல்லைக்குப் போனால் மணல் மேட்டுக்குப் பக்கத்தில் ஒரு பழைய ரிக்கஃபி காப்பி டின். உள்ளே நிறம் மங்கிப்போன, போன வருஷத்துக் குங்குமம். "சாமி குங்குமத்தத் தொடாத, உனக்கு இது" என்றாள் ஆயா. ராத்திரி மூன்று மணிக்குத் தன்னையும் எழுப்ப வேண்டுமாம். தம்பி இனிமேல் பீன்ஸ் வேண்டாம், மட்டன் பன்னிதான் வேண்டும் என்கிறான்.