மலைப்பாதையில் அறுந்த அழைப்பு

ஏற்காட்டு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். அதில் ஒரு வளைவில் மட்டும் பேசிக்கொண்டிருக்கும் அழைப்பு தினமும் அறுந்தது. சிக்னலில் குறையே இல்லை. நேற்றிரவு மைய மேலாண்மைக் கணினியில் தேடியபோதுதான் தெரிந்தது: மேலே உள்ள செல்போன் கோபுரத்தின் அண்டைப் பட்டியலில், அதாவது அழைப்பை எந்தெந்தக் கோபுரத்துக்குக் கைமாற்றலாம் என்ற பட்டியலில், அடிவாரக் கோபுரமே இல்லை! அந்த ஒரு வரி இல்லாததால் அழைப்பு கைமாறாமல் நடுவழியில் செத்தது. சேலத்தில் உட்கார்ந்தபடியே இரு பக்கமும் வரியைச் சேர்த்தேன். ஆன்டெனாவின் சாய்வையும் 2 டிகிரி மாற்றினேன். தூரத்திலிருந்தே மோட்டாரால் மாற்றும் சாய்வு என்பதால் மழையில் யாரும் கோபுரம் ஏறவில்லை. பழைய அமைப்பைச் சேமிக்காமல் இதில் கைவைப்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

காலையில் மலையிறங்கும் பஸ்ஸிலிருந்து அத்தை பேசினார். வளைவு கடந்தது. காப்பி விலை பற்றிய பேச்சு அறுபடவே இல்லை.