பிறப்பதற்கு முன்பே பதிவான பிள்ளை

வயதைக் குறைத்துக் காட்ட கோச் செய்த தில்லுமுல்லுக்கு என் மகன் தடை வாங்காமல் தப்பித்துவிட்டான். கோச்சும் ஏறக்குறைய தப்பித்துவிட்டார், அந்த வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை. இதே மாதிரி மாட்டிக்கொண்டு என்ன செய்வது என்று கேட்கும் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். அகாடமி, மாவட்டச் சங்கம், வயதுப் பிரிவு எல்லாம் உங்களுக்குப் பழக்கம் என்று வைத்துக்கொள்கிறேன்.

மகன் நீளம் தாண்டுபவன். பிறந்தது டிசம்பர் 2008. போன வருஷம் மாவட்டப் போட்டியன்று செஸ்ட் நம்பரோடு கொடுத்த சீட்டில் 2009 என்று இருந்தது. “அம்மா, வருஷம் தப்பா இருக்கு” என்று அவன்தான் கொண்டுவந்து காட்டினான். 18 வயதுக்கு உட்பட்டோரில் தாண்ட வேண்டிய பிள்ளையை 16 வயதுக்கு உட்பட்டோரில் சேர்த்திருந்தார்கள். கோச்சிடம் கேட்டால் சிரிக்கிறார். “எல்லாரும் பண்றதுதான் அக்கா. மெடல் வந்தா ஸ்போர்ட்ஸ் கோட்டாவுக்கு யாருக்கு நல்லது?” மெடல் வந்தால் முதலில் அவருடைய அகாடமி வாசலில்தான் ஃப்ளெக்ஸ் ஏறும் என்பதை அவர் சொல்லவில்லை.

அன்றைக்கு அவனைத் தாண்ட விடவில்லை. அழுதான், இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் பின்னால் எங்களைக் காப்பாற்றியது அதுதான். பொய்யான தேதியில் ஒருமுறை தாண்டி ஒரு சர்டிபிகேட் வாங்கிவிட்டால், மோசடியால் பலன் அடைந்தவன் உங்கள் பிள்ளை. அப்புறம் என்ன சொன்னாலும் எடுபடாது. விலகுவதாக ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்து, நகலில் மைதானத்திலேயே சீலும் நேரமும் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்தது, புகார் கொடுப்பதற்கு முன்னால் பிள்ளையின் இணையப் பதிவில் உள்ள எல்லாப் பக்கங்களையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். எங்கள் விஷயத்தில் லாகின் கோச் கையில் இருந்தது. புகார் போன செய்தி கிடைத்த உடனே அவர் பதிவேற்றிய சான்றிதழ் அங்கிருந்து காணாமல் போனது. நல்லவேளை, என்னிடம் படம் இருந்தது.

அந்தப் படத்தை வீட்டில் லேப்டாப்பில் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் சிரிப்பும் வந்தது. பிறந்த தேதியில் கடைசி 8-ஐ 9 ஆக்கியிருந்தார்கள், அந்த 9 மட்டும் கொஞ்சம் தடித்த எழுத்து. கீழே பதிவு செய்த தேதியைத் தொட மறந்துவிட்டார்கள். அது டிசம்பர் 2008 என்றே நின்றது. அதாவது என் பிள்ளை பிறப்பதற்கு ஒரு வருஷம் முன்னாலேயே நகராட்சியில் அவன் பிறப்பைப் பதிந்திருக்கிறார்கள்! இதைச் சரிபார்த்ததாகச் சங்கத்தில் ஒருவர் டிக் வேறு போட்டிருந்தார். உங்கள் பிள்ளையின் பதிவைப் பார்க்கும்போதும் முதலில் இந்த இரண்டு தேதிகளையும் பாருங்கள். பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். ஒரு வருஷம் தாண்டினால் கோட்டாட்சியர் உத்தரவு இல்லாமல் பதிய முடியாது. புதிதாகப் பொய்ச் சான்றிதழ் வாங்குகிறவர்கள் அந்த வழியாகத்தான் வருவார்கள். இவர் அதற்குக்கூட மெனக்கெடவில்லை.

நகராட்சி சுகாதாரப் பிரிவில் அசல் பிரதி உடனே கிடைத்தது. பிரச்சினை மாவட்டச் சங்கத்தில்தான். அங்கிருந்தவர் கடிதத்தைக் கையால் வாங்கவே இல்லை. “மேடம், புகார்னு எழுதினா பையனுக்குத்தான் ரெண்டு வருஷம் தடை. பேசாம திருத்தம்னு எழுதிக் குடுங்க, முடிச்சுக்கலாம்” என்றார். கேட்க அக்கறை மாதிரி இருக்கும். திருத்தம் என்று எழுதினால் தப்பு உங்களுடையது ஆகிவிடும். கோச் பெயர் கோப்பிலேயே வராது. ஏற்கெனவே நுழைவுப் படிவத்தில் கோச்சுக்கு என்று ஒரு கட்டம்கூடக் கிடையாது. பிள்ளை கையெழுத்து, பெற்றோர் கையெழுத்து, அவ்வளவுதான். மோசடி செய்தவர் எந்தத் தாளிலும் இல்லை.

கையில் வாங்காவிட்டால் தபாலில் அனுப்புங்கள். ரிஜிஸ்டர் தபால் கேட்டுப் போய் நின்றேன். 2025-லேயே அதை ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்களாம். பெற்றுக்கொண்டதற்கு அத்தாட்சி வேண்டும் என்று கவுன்டரில் மறக்காமல் கேளுங்கள். அதேபோல அஃபிடவிட்டுக்கு 20 ரூபாய் பத்திரம் எல்லாம் பழைய கதை, தமிழ்நாட்டில் இப்போது 200. நான் 20 ரூபாய்ப் பத்திரத்தோடு நோட்டரியிடம் போய் அரை நாளைத் தொலைத்தேன்.

சங்கம் அசையவில்லை. போலீசுக்குப் போனேன். ஸ்டேஷனில் ரைட்டர், “ஸ்போர்ட்ஸ் விஷயத்துல நாங்க என்னம்மா பண்றது?” என்றார். இது விளையாட்டு விஷயமே இல்லை, நகராட்சி கொடுத்த சான்றிதழைத் திருத்திய விஷயம், பாரதிய நியாய சன்ஹிதா 337 என்றேன். பிறப்புப் பதிவேடு சம்பந்தப்பட்ட போலி ஆவணத்துக்கு 7 வருஷம் வரை சிறை. பிரிவு எண்ணைக் கேட்டதும்தான் நிமிர்ந்து பார்த்தார். புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது அன்றே கிடைத்தது.

எஃப்.ஐ.ஆர். வரை போகவில்லை, அது வேறு வருத்தம். ஆனால் விசாரணைக்குக் கூப்பிட்டபோது கோச், “எங்க ஆபீஸ் பையன் தெரியாம அப்லோட் பண்ணிட்டான்” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அதுவரை அவர் கையெழுத்து எதிலும் இல்லை, அன்றைக்கு வந்துவிட்டது! இன்னொன்று, பதிவில் என் மகன் பெயருக்கு நேராக இருந்த மொபைல் எண்ணும் கோச்சுடையது. ஓ.டி.பி. எல்லாம் அவருக்குத்தான் போயிருக்கிறது. இந்த இரண்டையும் வைத்துத்தான் சங்கத்தின் ஒழுங்கு நடவடிக்கைக் குழுவே கூடியது.

அந்தக் குழுவின் விசாரணைக்குப் பிள்ளையைத் தனியாக உள்ளே அனுப்பாதீர்கள். ஒருவர் அவனைப் பார்த்து, “நீ கேட்டுத்தானே தம்பி மாத்தினார்?” என்று கொக்கி போட்டார். நான் அந்தச் சீலும் நேரமும் உள்ள விலகல் கடிதத்தை மேசையில் வைத்தேன். பேச்சு அங்கே நின்றது. இடது மணிக்கட்டு எக்ஸ்ரே, எலும்பு வயதுச் சோதனை, பதிவுத் திருத்தம் எல்லாம் அப்புறம் சிக்கல் இல்லாமல் முடிந்தன.

கோச்சுக்கு ஒரு வருஷம் இந்த மாவட்டத்திலிருந்து வீரர்களை அனுப்பத் தடை. இந்த மாவட்டத்திலிருந்து மட்டும். சம்பளம் இல்லாத லீவுகூட இல்லை இது, அகாடமி ஃபீஸ் மாதாமாதம் வந்துகொண்டுதான் இருக்கிறது.

பெரிய இடங்களிலும் பார்த்தால் இதே கதைதான். 2011-ல் நம் 4x400 ரிலே பெண்கள் ஊக்கமருந்தில் சிக்கியபோது, பயிற்சியாளர் கொடுத்த ஜின்செங் மூலிகையில்தான் கோளாறு என்றார்கள். உக்ரைன்காரரான அந்தப் பயிற்சியாளர் வேலையை இழந்தார். பெண்களுக்கு முதலில் ஒரு வருஷத் தடை, விளையாட்டு நடுவர் நீதிமன்றம் போய் அது இரண்டு வருஷமானது. பாரிஸ் ஒலிம்பிக்கில் கனடாவின் பெண்கள் கால்பந்து அணிப் பயிற்சியாளர் பெவ் ப்ரீஸ்ட்மன், எதிரணிப் பயிற்சியை ட்ரோன் வைத்து வேவு பார்த்த விவகாரத்தில் ஒரு வருஷம் தடை பெற்றார். 6 புள்ளிகளை இழந்தது அணி. ஓடி ஆடியவர்கள் தலையில்தான் முதலில் விழுகிறது.

ஊக்கமருந்து விதிகளிலாவது பயிற்சியாளருக்கு என்று தனியாக ஒரு தண்டனை உண்டு. வீரருக்கு மருந்தைக் கொடுத்தால் வழக்கமாகக் குறைந்தது 4 வருஷம், ஆயுள்வரை போகலாம். அமெரிக்காவின் பிரபல ஓட்டப் பயிற்சியாளர் ஆல்பெர்டோ சலாசருக்கு 2019-ல் 4 வருஷம் விழுந்தது. வயது மோசடியில் 2025 மார்ச்சில் மத்திய விளையாட்டு அமைச்சகம் வெளியிட்ட வரைவில்தான் உடந்தையான பயிற்சியாளர் மேலும் நடவடிக்கை என்று பார்த்தேன். என்னைக் கேட்டால் முதலில் நுழைவுப் படிவத்தில் கோச் கையெழுத்துக்கு ஒரு கட்டம் போடுங்கள். எத்தனை வருஷம் தடை என்பதை அப்புறம் பேசலாம். ஆளே தாளில் இல்லாதபோது ஆயுள் தடை என்று விதி எழுதி என்ன பயன்? தடை விதித்தால் அது நாடு முழுக்கச் செல்ல வேண்டும், பெயரும் அகாடமி பெயரும் வெளியில் தெரிய வேண்டும்.

நம்ம கோச் இப்போது பக்கத்து மாவட்டத்தில் புதிய பெயரில் போர்டு மாட்டியிருக்கிறார். தேசியத் தடகளக் கூட்டமைப்பு பயிற்சியாளர்கள் எல்லாரும் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று போன வருஷம் சொல்லியிருந்தது இல்லையா? அவர் விண்ணப்பம் வந்தால் கூடவே இதையும் பாருங்கள் என்று மொத்தக் கோப்பையும் நகலெடுத்து அனுப்பிவிட்டேன். போய்ச் சேர்ந்ததற்கு அத்தாட்சி வந்துவிட்டது, பதில்தான் இன்னும் வரவில்லை.