பிரஷரை ஏன் மெதுவாக இறக்கினார்கள்

அப்பாவுக்கு 220/130 என்று காட்டியதும் எங்கள் தெருவில் இருக்கும் நர்ஸ் அக்கா அடுத்த கையிலும் கட்டிப் பார்த்தார். அதேதான். காலையிலிருந்து மண்டை பிளக்கும் வலி, வாந்தி, பார்வை வேறு மங்கல். 108-க்குச் சொல்லிவிட்டோம். வண்டி வருவதற்குள் சித்தப்பா, "நாக்குக்கு அடியில ஒரு மாத்திரை வைப்பாங்களே, வாங்கிட்டு வரட்டுமா?" என்றார். பிரஷரைச் சட்டென்று இறக்கும் நிஃபெடிபினைச் சொல்கிறார். முன்பெல்லாம் அப்படிக் கொடுத்தது உண்டு. அக்கா கூடவே கூடாது என்று தடுத்துவிட்டார். அதற்கான காரணம் ஆஸ்பத்திரியில்தான் புரிந்தது.

கேஷுவாலிட்டியில் முதலில் கேள்விகள்தான். நெஞ்சு வலிக்கிறதா, மூச்சு வாங்குகிறதா, பேச்சு குளறியதா, கை கால் மரத்ததா, வீசிங் உண்டா. அப்புறம், என்ன மாத்திரை சாப்பிடுகிறார், எப்போது நிறுத்தினார். "நல்லாத்தானே இருக்கேன்" என்று அப்பா பிரஷர் மாத்திரையை விட்டுப் பல வாரம் ஆகியிருந்தது. நடுவில் மூட்டு வலிக்காகக் கடையில் வாங்கிய வலி மாத்திரை வேறு. அந்த வகை மாத்திரைகளில் பலவும் உப்பையும் நீரையும் உடம்பில் தேக்கி அழுத்தத்தை ஏற்றும், சிறுநீரகத்தையும் பாதிக்கும் என்றார் டாக்டர்.

ஈசிஜி, ரத்தம், சிறுநீர், தலைக்கு சிடி ஸ்கேன், கண்ணின் உள்ளே பார்க்கும் பரிசோதனை எல்லாம் மளமளவென்று நடந்தன. 180/120-க்கு மேல் போனாலே ஆபத்துதான். ஆனால் மூளை, இதயம், சிறுநீரகம், கண் என்று எதிலாவது சேதம் தொடங்கிவிட்டதா என்பதை வைத்துத்தான் மாத்திரை போதுமா, ஐசியூ வேண்டுமா என்று முடிவு செய்கிறார்கள். அப்பாவுக்கு மூளையில் ரத்தக்கசிவு இல்லை. ஆனால் விழித்திரையில் ரத்தம் கசிந்து கண் நரம்பு வீங்கியிருந்தது, சிறுநீரில் புரதம் போனது, சிறுநீரகம் சரியாக வேலை செய்யாவிட்டால் ரத்தத்தில் கூடும் கிரியாட்டினினும் ஏறியிருந்தது. ஐசியூதான்.

பிரஷரை இறக்கும் லேபெட்டலால் மருந்தை நரம்பு வழியாக பம்ப் வைத்து ஏற்றினார்கள். வீசிங் இருந்தால் அந்த மருந்து ஆகாது. அதற்குத்தான் அந்தக் கேள்வி. ஒரு மணி நேரம் கழித்தும் மானிட்டரில் 180 சொச்சம். வெளியே அத்தை அழவே தொடங்கிவிட்டார். எனக்கும் பொறுக்கவில்லை. போய் டாக்டரிடம் கேட்டேன்.

"அவசரப்படாதீங்கம்மா. அவரோட மூளை ரத்தக்குழாய் இந்த அழுத்தத்துக்கே பழகிப்போச்சு. சட்டுனு 120-க்கு இறக்கினா மூளைக்கு ரத்தம் பத்தாம பக்கவாதம் வந்துடலாம். இதயத்துக்கும் ஆபத்து. முதல் ஒரு மணி நேரத்துல கால் பங்குக்கு மேல குறைக்க மாட்டோம். அதுக்கப்புறம் சில மணி நேரத்துல 160/100. மீதியை ஒண்ணு ரெண்டு நாள்ல கொண்டு வருவோம்."

எல்லோருக்கும் இந்தக் கணக்கு பொருந்தாதாம். இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியின் சுவர் கிழிந்திருந்தால் உடனே 120-க்குக் கீழே இறக்கியாக வேண்டும். அடைப்பினால் வந்த பக்கவாதமென்றால் பல சமயம் உயர்ந்த அழுத்தத்தை அப்படியே விட்டுவைப்பார்கள். சிடி ஸ்கேனுக்கு அவ்வளவு அவசரப்படுத்தியது ஏன் என்று அப்போதுதான் விளங்கியது. அந்தப் பத்து நிமிடப் பேச்சு எங்களுக்குக் கொடுத்த தெம்பு கொஞ்சநஞ்சமல்ல. ஐசியூ வாசலில் நிற்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் இதை யாராவது உட்கார வைத்துச் சொல்ல வேண்டும்.

அன்று இரவு 160-க்கு வந்தது. பிறகு ஊசி மருந்தைப் படிப்படியாகக் குறைத்து அம்லோடிபின் மாத்திரைக்கு மாற்றினார்கள். வீட்டுக்கு வந்தபின் அதில் கால் வீங்கியது. அப்பா அதையும் நிறுத்தப் பார்த்தார், அம்மா விடவில்லை. டாக்டர் அளவைக் குறைத்து டெல்மிசார்ட்டன் என்ற இன்னொரு பிரஷர் மாத்திரையைச் சேர்த்ததும் வீக்கம் வடிந்தது. அந்த மாத்திரைக்காக கிரியாட்டினினும் பொட்டாசியமும் அவ்வப்போது பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். இப்போது மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. ஊறுகாயும் அப்பளமும் நிறுத்தியாயிற்று. மூட்டு வலிக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த பாராசிட்டமால் மட்டும்தான்.