இரண்டு மூக்கு, இரண்டு பின்: 911 எஸ்சியில் பெயர் தெரியாமல் மிஞ்சும் சாமான்

சுங்கை சிப்புட் மாதிரி ஒரு தோட்டப்புறப் பட்டணத்தில் பழைய போர்ஷே 911 எஸ்சியின் என்ஜினைப் பிரித்தால், திரும்பப் பூட்டும்போது மேசையில் ஒரு சின்னச் சாமான் மிஞ்சும். மெல்லிய ரப்பர் குழாய் மாட்ட இரண்டு மூக்கு, கூடவே இரண்டு பின் உள்ள பிளக். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். செம்பனை லாரி பார்த்துப் பழகிய ஃபோமன் இதைப் பெட்ரோல் வால்வு என்பார், வயரிங் பார்ப்பவர் சென்சார் என்பார். அது தெர்மோவால்வு, சூடானால் திறந்து வாக்குவத்தை, அதாவது என்ஜினின் காற்று உறிஞ்சலை, விடும் வால்வு. பெட்ரோல் அதற்குள் போவதே இல்லை.

1978 முதல் 1983 வரை வந்த எஸ்சியில் இருப்பது போஷ் கே-ஜெட்ரானிக் என்ற பெட்ரோல் தெளிக்கும் அமைப்பு. இந்த அமைப்பில் இரண்டு பின் பிளக் உள்ள சாமான்கள் பல இருப்பதால் பிளக்கை வைத்து எதையும் அடையாளம் காண முடியாது. உள்ளே ஓடுவது பெட்ரோலா, காற்றா, வாக்குவமா என்று பார்த்தால் பாதிக் குழப்பம் தீரும்.

இரண்டு பெட்ரோல் குழாய் துளையுள்ள பாஞ்சோ போல்ட்டில் வந்து சேர்ந்தால் அது வார்ம்-அப் ரெகுலேட்டர், என்ஜின் சூடாகும்வரை காற்றோடு சேரும் கலவையில் பெட்ரோலைக் கூட்டி, அதாவது கெட்டியாக, வைப்பது. ஒன்று பெட்ரோலைப் பங்கிடும் ஃபியூவல் டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்து வருவது, மற்றது டாங்கிக்குத் திரும்புவது. ஒரே ஒரு பெட்ரோல் குழாயும் தூவும் முனையும் இருந்தால் கோல்ட் ஸ்டார்ட் வால்வு. கட்டைவிரல் பருமனுக்கு இரண்டு காற்றுக் குழாய் இருந்தால் ஆக்சிலரி ஏர் ரெகுலேட்டர். குழாயே இல்லாமல் என்ஜினில் திருகி நிற்பது தெர்மோ-டைம் ஸ்விட்ச். அதன் ஆறுமுகத் தலையில் டிகிரியும் விநாடியும் பொறித்திருக்கும். சுண்டுவிரலை விட மெல்லிய இரண்டு வாக்குவம் குழாய் இருந்தால்தான் நம் தெர்மோவால்வு.

எண்ணும் உதவும். போஷ் எண் பத்து இலக்கம், முதல் ஏழைப் படித்தாலே இனம் தெரிந்துவிடும். 0 438 140 என்று தொடங்கினால் வார்ம்-அப் ரெகுலேட்டர், 0 438 100 ஃபியூவல் டிஸ்ட்ரிபியூட்டர், 0 438 170 பெட்ரோல் அழுத்தத்தைத் தேக்கும் அக்குமுலேட்டர், 0 280 140 ஆக்சிலரி ஏர், 0 280 170 கோல்ட் ஸ்டார்ட் வால்வு. அழுக்கைக் கம்பி பிரஷால் தேய்க்காதீர்கள், அலுமினியத்தில் ஆழமில்லாமல் பொறித்த எண் அதோடு போய்விடும். மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பழைய பல்துலக்கியால் துடைத்து, காய்ந்ததும் சுண்ணக்கட்டியைத் தடவி, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் எண் வெள்ளையாக எழும்பும்.

இடத்தை உறுதிசெய்ய, வார்ம்-அப் ரெகுலேட்டரின் வாக்குவம் குழாயைக் கையால் பிடித்துக்கொண்டே போங்கள். த்ராட்டில் பக்கம் போய்ச் சேருமுன் நடுவில் தெர்மோவால்வு உட்கார்ந்திருக்க வேண்டும். என்ஜின் குளிர்ந்திருக்கும்போது அது மூடியிருக்கும், அதனால் ரெகுலேட்டருக்கு வாக்குவம் போகாது, கலவை கெட்டியாக இருக்கும். மின்சாரத்தில் உள்ளே சூடேறியதும் திறக்கும். வாக்குவம் ரெகுலேட்டரை எட்டினால், அது கட்டுப்படுத்தும் பெட்ரோல் அழுத்தமான கன்ட்ரோல் பிரஷர் ஏறி, கலவை மெலியும். ஆக்சிலரேட்டரை முழுதாக மிதிக்கும்போது வாக்குவம் விழுவதால் பிரஷர் இறங்கி, மறுபடி கெட்டியாகும். இவ்வளவு வேலை செய்கிற சாமானைத்தான் தேவையில்லை என்று தூக்கிப் போடுகிறார்கள்.

சோதிக்க ஐந்து நிமிடம் போதும். கழற்றிய வால்வைக் குளிர்ந்த நிலையில் வாயால் ஊதுங்கள், காற்று போகக் கூடாது. பிளக்கின் இரண்டு பின்னிலும் மீட்டர் வைத்து ஓம் பாருங்கள். மீட்டர் அசையாவிட்டால் ஹீட்டர் கம்பி அறுந்திருக்கிறது. பிறகு பெட்ரோல் வாடை இல்லாத இடத்தில், நடுவில் 5 ஆம்ப் ஃபியூஸ் போட்டு, பேட்டரியிலிருந்து 12 வோல்ட் கொடுங்கள். கொஞ்ச நேரத்தில் உடம்பு சூடாகி, ஊதினால் காற்று தாராளமாகப் போக வேண்டும்.

கெடும் விதம் இரண்டு. ஒன்று, ஹீட்டர் செத்து எப்போதும் மூடியே இருப்பது. காடி ஓடும், ஆனால் ஸ்பார்க் பிளக்கெல்லாம் கரி பிடிக்கும், பெட்ரோல் அதிகம் குடிக்கும். இந்த நேரத்தில் யாராவது 3 மி.மீ. ஆலன் சாவியை எடுத்துக் கலவை ஸ்குரூவைத் திருகிவிட்டால் வேலை இரட்டிப்பாகும். பிரஷர் பார்க்காமல் அந்த ஸ்குரூவைத் தொடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. இன்னொன்று, வால்வை எடுத்துவிட்டு இரண்டு குழாயையும் நேராக இணைத்துவிடுவது. நம் ஊரில் விடிகாலையிலும் பெரிய குளிர் இல்லாததால் முதல் ஒரு நிமிடத் திணறல் யார் கண்ணிலும் படாது. ஆனால் குளிர்ந்த என்ஜினில் மெலிந்த கலவை பின்வெடி வெடித்தால், இந்தக் காடியின் பிளாஸ்டிக் ஏர்பாக்ஸ் பிளந்துவிடும். சிறு வால்வை மிச்சப்படுத்தி ஏர்பாக்ஸை இழப்பது எவ்வளவு பெரிய நஷ்டம்!

ரெகுலேட்டரும் கூடவே வேலை செய்கிறதா என்று பார்க்க அடைப்பு வால்வோடு கூடிய 0 முதல் 10 பார் பிரஷர் கேஜ் வேண்டும். டிராக்டருக்கு ஹைட்ராலிக் குழாய் அடித்துத் தரும் கடை தோட்டப்புறத்தில் எங்கும் உண்டு. பழைய பாஞ்சோ போல்ட்டையே மாதிரிக்குக் கொண்டுபோனால், அதே மரையில் பெட்ரோல் தாங்கும் குழாயோடு அடித்துத் தருவார்கள். கேஜை டிஸ்ட்ரிபியூட்டருக்கும் ரெகுலேட்டருக்கும் நடுவில் மாட்டுங்கள். அதன் வால்வை ரெகுலேட்டர் பக்கம் மூடினால் காட்டுவது சிஸ்டம் பிரஷர், 4.5 முதல் 5.2 பாருக்குள் நிற்கும். திறந்தால் காட்டுவது கன்ட்ரோல் பிரஷர். என்ஜின் நன்றாகச் சூடான பின் ரெகுலேட்டரின் வாக்குவம் குழாயைக் கழற்றி, என்ஜின் பக்கத்து வாயை விரலால் அடையுங்கள். முள் இறங்க வேண்டும். திரும்ப மாட்டினால் ஏற வேண்டும். அசையவே இல்லையென்றால் தெர்மோவால்வு மூடியிருக்கிறது, அல்லது ரெகுலேட்டருக்குள் டயஃப்ரம் என்ற மெல்லிய சவ்வு கிழிந்திருக்கிறது. தெர்மோவால்வைத் தாண்டி நேராக வாக்குவம் கொடுத்துப் பார்த்தால் எது என்று பிரிந்துவிடும். பூட்டும்போது ஒவ்வொரு பாஞ்சோவுக்கும் இரண்டு புதுச் செம்பு வாஷர் போடுங்கள். பழையதைத் திரும்பப் போட்டால் சூடான என்ஜின் மேல் பெட்ரோல் கசியும். பக்கத்தில் தீயணைப்பான் இல்லாமல் இந்த வேலையைத் தொடங்காதீர்கள்.

மாற்று தேடும்போது ஒரு எச்சரிக்கை. பழைய காடி அறுக்கும் கடைகளில் பென்ஸ் 280இ, வோல்வோ 240 கே-ஜெட்ரானிக் சாமான்கள் கிடைக்கும். வார்ம்-அப் ரெகுலேட்டர் பார்வைக்கு ஒரே மாதிரிதான் இருக்கும். ஆனால் எத்தனை டிகிரியில் எத்தனை பார் என்ற கணக்கு ஒவ்வொரு எண்ணுக்கும் வேறு, சிலவற்றுக்கு வாக்குவம் மூக்கே கிடையாது. கடைசி மூன்று இலக்கமும் ஒத்துப்போனால் மட்டும் பணத்தை எடுங்கள்.