முள்ளுக் கத்தரிக்காயும் என் முந்திரிக்கொட்டை வாயும்

காட்பாடியில் ஒரு மெட்ரிக் பள்ளியில் பதினோரு வருடம் அறிவியல் எடுத்துவிட்டு, வேலூரை அடுத்த அணைக்கட்டு ஊர்ப் பக்கம் இருக்கும் இந்தச் சின்னப் பள்ளிக்கு வந்தேன். மொத்தமே 34 பிள்ளைகள். எட்டு வயதும் பத்து வயதும் ஒரே பாயில் உட்காரும். என்னை மிஸ் என்று யாரும் கூப்பிடுவதில்லை, அக்காதான். பிள்ளைகள் கேள்வி கேட்டால் நாம் பதில் சொல்லிவிடாமல் அவர்களே தேடிக் கண்டுபிடிக்க விடுவதுதான் இங்கே பாடம். மற்றதெல்லாம் ஒரு வாரத்தில் பழகிவிட்டது. வாயை மூடிக்கொண்டிருக்கத்தான் பழகவில்லை.

முதல் வருடம் ஒரு பையன், "கம்பளிப்பூச்சிங்க ஏங்க்கா முருங்க மரத்துலயே கும்பலா கீது?" என்று கேட்டான். விடுவேனா? போர்டில் முட்டை, புழு, கூட்டுப்புழு, அந்துப்பூச்சி என்று வட்டம் போட்டு, அம்புக்குறி எல்லாம் வைத்து விளக்கினேன். பொறுமையாகக் கேட்டான். தலையாட்டினான். அதன்பிறகு அவன் அந்த மரத்தடிக்குப் போகவே இல்லை.

அடுத்த வருடம் முள்ளுக் கத்தரிக்காய் வந்தது. இலவம்பாடிக் காய், 2023இல் புவிசார் குறியீடு வாங்கியது. எங்கள் ஊர்ப்பக்கம் குழம்பில் விழாத வாரம் இல்லை. சமையல்கார அக்காவுக்குக் காய் எடுத்துக்கொடுத்த சிறுமி ஒருத்தி விரலில் குத்திக்கொண்டு, "இதுக்கு இன்னாத்துக்கு முள்ளு?" என்றாள். "ஆடு துன்னாம இருக்கத்தான்" என்றான் பக்கத்தில் இருந்தவன். 'தற்காப்பு' என்ற சொல் என் நுனிநாக்கு வரை வந்துவிட்டது. கடித்துக்கொண்டேன். "அதை எப்படித் தெரிஞ்சுக்கிறது?" என்று மட்டும் கேட்டேன்.

மறுநாள் காலை வாசலில் ஆடு நின்றது.

காயை மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஒரே கைதட்டல். ஆனால் செடியின் இலையைக் கண்டதும், நடுநரம்பில் முள் இருந்தும், ஓரமாகவே கடித்துக்கொண்டு போனது. வகுப்பு இரண்டு கட்சியாகப் பிரிந்தது. முள்ளுக்குப் பயந்துதான் ஆடு காயை விட்டது என்றது ஒரு கட்சி, வயிறு நிறைந்த ஆட்டைக் கூட்டிவந்தால் அப்படித்தான் என்றது இன்னொரு கட்சி. மேய்ச்சலுக்கு விடாத இன்னொரு ஆடு வந்தது. அது முள் இல்லாத பச்சைக் கத்தரியையும் தொடவில்லை. இந்த ஆட்டுப் பஞ்சாயத்திலேயே நாலு நாள் போனது. நான் போட்டுவைத்திருந்த கணக்குப் பாடத் திட்டமும் கூடவே போனது. கணக்கு வேறு வழியாக வந்தது. பன்னிரண்டு காய்களின் காம்பு மூடியில் முள்ளை எண்ணினார்கள். ஒன்றில் 5, இன்னொன்றில் 23. "அப்ப ஒரு காய்க்கு எவ்ளோன்னு எழுதறது?" என்று தகராறு வந்தபோதுதான் சராசரி என்ற சொல்லைச் சொன்னேன்.

பிறகு எலுமிச்சை முள்ளோடு ஒப்பிட்டார்கள். கத்தரி முள் நகத்தால் தள்ளினாலே உதிர்ந்தது. எலுமிச்சை முள் கிளையோடு கட்டைபோல் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. முன்னது வெறும் தோலில் முளைப்பது, பின்னது உருமாறிய கிளை. புத்தகத்தில் இரண்டு வரி. இவர்கள் அதற்கு ரத்தம் சிந்தினார்கள், ஆளுக்கு ஒரு சொட்டாவது.

எல்லா நாளும் இப்படி இல்லை. பாதி நாள் கேள்வியே வராது, வந்தாலும் மதியத்துக்குள் செத்துவிடும். கூச்சலில் எனக்கு மண்டை இடிக்கும்.

பெற்றோர் கூட்டத்தில் ஓர் அப்பா, "ஆடு மேய்க்கவா மேடம் அனுப்பறோம்?" என்றார். 2009ஆம் வருடக் கல்வி உரிமைச் சட்டத்தின் 29ஆம் பிரிவு, செயல்பாடு, கண்டறிதல், தேடல் வழியாகப் படிக்கவேண்டும் என்றுதான் சொல்கிறது என்றேன். சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003இல் தொடங்கிய செயல்வழிக் கற்றல் அட்டைகள், இதோ சித்தூரைத் தாண்டி மதனப்பள்ளிப் பக்கம் ரிஷிவேலி என்ற பள்ளி நடத்தும் கிராமப் பள்ளிகளைப் பார்த்து வந்தவை என்றும் சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு, "சட்டம் சரிங்க. நீட்டு?" என்றார். தோல் ஷாப்பில் ஷிப்ட் பார்த்துவிட்டு நேரே வந்திருந்தவர். அவர் பயத்தை அறியாமை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பதிலும் வரவில்லை.

கத்தரிக் கதைக்கே வருகிறேன். முள்ளுக் காயை நறுக்கியபோது உள்ளே புழு. முள்ளைத் தாண்டி இது எப்படிப் போச்சு? ஆட்டுக் கட்சி அன்றோடு கலைந்தது. விரலில் குத்திக்கொண்ட அந்தச் சிறுமி, அவள் ஆயா, அதாவது பாட்டி, கத்தரி போடுகிறவர் என்பதால், வீட்டில் கேட்டு வருவதாகச் சொன்னாள். மறுநாள் நோட்டில் இப்படி இருந்தது: "ஆயா நல்ல முள்ளு காயா பாத்து பழுக்கவுட்டு வெதை எடுக்கும். முள்ளு இல்லாத காய எவன் வாங்குவான்னு கேட்டுச்சி. அதனால முள்ளு இருக்கறது விக்கறதுக்கு."

சிரித்துவிட்டேன். அன்று ராத்திரி பாத்திரம் கழுவும்போது கை நின்றது. காட்டுக் கத்தரிக்கு முள் எதற்கோ இருக்கட்டும். இந்தக் காயில் அது இன்னும் இருப்பதற்குக் காரணம், தலைமுறை தலைமுறையாக இந்த ஊர் ஆயாக்கள் பொறுக்கியெடுத்த விதை அல்லவா? என் 'தற்காப்பு' எங்கே, இவள் எழுதியது எங்கே!

காலையில் அவளிடம் சொல்லத்தான் போனேன். அவள் அதற்குள் முருங்கை மரத்தடியில், கம்பளிப்பூச்சிப் பையனோடு குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். "க்கா, கிட்ட வராத, நெழல் வுழுது" என்றாள்.