கறுப்புச் செருப்பு

அவருடைய சிகிச்சை அட்டையில் என் கையெழுத்தில் ஒரு வரி இருக்கிறது: "செருப்பு அணிவதில்லை. ஒத்துழைப்பு இல்லை." இயன்முறைப் பிரிவில் அந்த வரியை நாங்கள் எழுதாத வாரம் கிடையாது. இந்த அட்டை மட்டும் ஏன் தொண்டையில் நிற்கிறது என்று தெரியவில்லை.

கால் பெருவிரலின் அடியில், அதே இடத்தில், மூன்றாவது முறையாகப் புண். முந்தைய தடவை ஆறு வாரம் மாவுக்கட்டுப் போட்டு ஆற்றி அனுப்பியிருந்தோம். தொழுநோய்க்கான ஓராண்டுக் கூட்டு மருந்தை ஒரு வேளை தவறாமல் முடித்தவர். அவரிடமிருந்து யாருக்கும் தொற்றாது. செத்த நரம்புதான் பிழைக்கவில்லை. கண்ணை மூடச் சொல்லி, நைலான் இழை வளையும்வரை பாதத்தில் அழுத்தினால், "தொட்டுவிட்டீர்களா?" என்று கேட்பார்.

"செருப்பு எங்கே அக்கா?"

"வீட்டில் இருக்கிறது."

"வீட்டில் இருந்தால் புண் எப்படி ஆறும்?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "நான் பூக்கட்டி விற்கிறவள் அம்மா. அந்தக் கறுப்புச் செருப்பைப் பார்த்தால் என் பூவை யார் சாமிக்குப் போடுவார்கள்? நீங்கள் ஒரு நாள் அதைப் போட்டுக்கொண்டு பஸ்ஸில் போவீர்களா?"

"நான் எதற்குப் போட வேண்டும்? எனக்குத்தான் காலில் உணர்ச்சி இருக்கிறதே."

இதைச் சொன்னது நான்தான். மருத்துவப்படி ஒரு சொல்கூடத் தவறில்லை. அந்தச் செருப்பின் ஒவ்வொரு அங்கத்துக்கும் காரணம் உண்டு. அடியில் எம்.சி.ஆர். என்னும் மெத்தென்ற நுண்துளை ரப்பர், குத்தினாலும் தெரியாது என்பதால் ஆணியே கிடையாது, கழன்று விழுந்தாலும் தெரியாது என்பதால் குதிகாலைச் சுற்றி ஒரு வார். புண்ணை உண்டாக்குவது நோயல்ல, உணராமல் மீண்டும் மீண்டும் விழும் அழுத்தம்தான் என்று வேலூரில் அறுவை மருத்துவர் பால் பிராண்ட் கண்டு சொன்ன காலத்திலிருந்து வரும் அறிவு அது. எத்தனையோ கால்களை அது காப்பாற்றியதைப் பார்த்திருக்கிறேன். அதே வார்தான் பத்தடி தூரத்திலேயே ஆளைக் காட்டிக்கொடுக்கிறது என்பதும் எனக்குத் தெரியாததல்ல. சட்டமே 2019 வரை தொழுநோயை விவாகரத்துக்கு ஒரு காரணமாக வைத்திருந்தது. பூ வாங்க வருகிறவர்களிடம் எதை எதிர்பார்ப்பது?

அன்று வெளியே வரிசை நீண்டிருந்தது. உண்மைதான். ஆனால் அந்தப் பதிலைச் சொல்ல எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. வேறு பதில் சொல்லவும் அதே ஒரு நொடிதானே ஆகியிருக்கும்?

மறு ஆண்டு வந்தபோது எலும்புவரை சீழ். விரலை எடுத்தார்கள். கட்டுப் பிரிக்கையில் அவரே சொன்னார்: "விரல்தானே போனது, வியாபாரம் போகவில்லை." எனக்கு ஆறுதலாகச் சொன்னாரா, உண்மையிலேயே அப்படிக் கணக்குப் போட்டிருந்தாரா? அந்தக் கணக்கு தப்பு என்று சொல்ல வாயெடுத்தேன். விரல் போன பாதத்தில் அழுத்தம் இன்னும் கூடும், அடுத்த புண் பக்கத்திலேயே வரும் என்பதெல்லாம் சரி. ஆனால் அவர் வீட்டில் அடுப்பு எரிவது அந்தப் பூவால். என் பாடத்தில் அதற்கு இடமில்லை.

எங்கள் பட்டறையில் செருப்புத் தைக்கும் அண்ணனிடம் இதைச் சொன்னபோது அவர் கோபித்துக்கொண்டார். அவரும் ஒரு காலத்தில் இங்கே நோயாளியாக வந்தவர்தான். "முன்பே சொல்லியிருந்தால் பழுப்பு நிறத்தில், கடைச் செருப்பு மாதிரியே தைத்திருப்பேனே. என்னிடம் யார் கேட்டீர்கள்?" இரண்டு நாளில் தைத்தும் கொடுத்தார். அக்கா வாங்கிக்கொண்டு போனார். போடுகிறாரா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

போன மாதம் பஸ் நிலையத்தில் பூக்கூடையோடு நின்றிருந்தார். என் கண் முகத்துக்கு முன்பே காலுக்குப் போய்விட்டது. அதை அவர் பார்த்துவிட்டார். சேலையை இழுத்துப் பாதத்தை மூடிக்கொண்டு, முன்பின் தெரியாதவரிடம் கேட்பது போல, "எத்தனை முழம் அம்மா?" என்றார்.