மார்கழி பிறப்பதற்குள்

டிசம்பர் 1, திங்கள்

விடாத மழை. காலையில் கணினித் திரைக்குப் படம் அனுப்பும் கிராபிக்ஸ் கார்டின் டிரைவரை, அதாவது அதை இயக்கும் மென்பொருளை, புதுப்பித்தேன். யாரும் கேட்கவில்லை, பழையது ஒழுங்காகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்ததிலிருந்து எனக்கு எதையாவது புதுப்பிக்கும் நோய். 11-க்கு மாறினேன், பிறகு ஒலிக்குப் புது டிரைவர், பிறகு நெட்வொர்க்குக்கு, இன்று இதற்கு. மறுபடி துவக்கினால் மதர்போர்டின் சின்னம் வருகிறது, புள்ளிகள் சுற்றுகின்றன, அப்புறம் இருட்டு. உள்ளே விசிறிகள் மட்டும் ஓடுகின்றன.

புத்தகத்தின் 217-ஆம் பக்கத் திருத்தத்தைச் சேமித்தேனா?

டிசம்பர் 2, செவ்வாய்

அப்படியே இருக்கிறது.

டிசம்பர் 3, புதன்

கார்த்திகை தீபம். ஈரக் காற்றில் மனைவி அகலை ஏற்ற ஏற்ற அணைந்தது. நான் டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு கேபினெட்டுக்குள் தலையை விட்டிருந்தேன். மதர்போர்டில் இருக்கும் பேட்டரியைக் கழற்றிப் பத்து நிமிடம் கழித்து மாட்டினால் எல்லாம் சரியாகும் என்று ஒரு காணொளியில் சொன்னார்கள். காசு அளவில் சி.ஆர். 2032, மூன்று வோல்ட். கழற்றினேன். மதர்போர்டில் படுத்திருக்கும் சேமிப்பு அட்டையான எம்.2 வட்டையும் கழற்றி மாட்டுங்கள் என்றார்கள், அதையும் செய்தேன். அதைப் பிடித்திருக்கும் திருகு எள்ளுப் போல இருந்தது. விரலில் இருந்தது, பிறகு விரலில் இல்லை. திருகு இல்லாவிட்டால் வட்டு ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறது. டேப் ஒட்டினேன்.

"விளக்கையாவது வந்து பார்" என்றாள். போய்ப் பார்த்தேன். இரண்டு எரிந்தன.

டிசம்பர் 4, வியாழன்

இப்போது இருட்டு இல்லை. எழுத்து வருகிறது: இன்அக்சஸிபிள் பூட் டிவைஸ். துவங்க வேண்டிய வட்டையே எட்ட முடியவில்லையாம். தானாக அணைந்து, தானாக எழுந்து, அதையே சொல்கிறது. மூன்று நாள் மௌனத்துக்குப் பிறகு ஏதோ பேசுகிறதே என்று ஒரு கணம் சந்தோஷப்பட்டேன். வெட்கமாக இருக்கிறது.

டிசம்பர் 5, வெள்ளி

320 பக்கம், டெம்மி அளவு, பதினாறு பக்கத்துக்கு ஒரு ஃபாரமாக இருபது ஃபாரம். 12-ஆம் தேதி அச்சகத்துக்குப் போனால்தான் புத்தகக் கண்காட்சிக்கு வரும். பென் டிரைவில் இருப்பது நவம்பர் 9-ஆம் தேதிப் பிரதி, ஒன்பதாம் அத்தியாயம் வரை. மீதி ஐந்து அத்தியாயங்களும் அந்த இரட்டை வட்டில் இருக்கின்றன. ஒன்றில் எழுதுவது அப்படியே மற்றதிலும் பதியும். ஒன்று போனாலும் இன்னொன்று காப்பாற்றும் என்று பெருமையாக எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். இரண்டும் ஒரே பெட்டிக்குள் இருக்கின்றன, அந்தப் பெட்டி திறக்கவில்லை. வட்டைக் கழற்றி வேறு கணினியில் மாட்டலாம். மாட்டினால் அது 'புதிய வட்டு, தயார் செய்யவா?' என்று கேட்கும், தூக்கக் கலக்கத்தில் நான் சரி என்று அழுத்துவேன். என்னை எனக்குத் தெரியும். இந்த வாரம் என் கை தொட்ட எதுவும் தொடுமுன் இருந்ததைவிட நன்றாக இல்லை.

நூலாசிரியர் தொலைபேசியில் அழைத்தார். 217-இல் "வாழ்த்துக்கள்" போய் "வாழ்த்துகள்" வந்துவிட்டதா என்று கேட்டார். வந்துவிட்டது என்றேன்.

டிசம்பர் 6, சனி

தெருக்கோடிக் கடைக்காரர் பெட்டியைத் திறக்காமலே மதர்போர்டு போய்விட்டது, ஒன்பதாயிரம் ஆகும் என்றார். போய்விட்டது என்றால் சின்னம் எப்படி வருகிறது என்று கேட்டேன். "அப்படித்தான் சார் வரும்" என்றார்.

டிசம்பர் 7, ஞாயிறு

இந்த வீட்டின் சாவியைத் திருப்பித் தருவதை வீட்டுக்காரர் நினைவுபடுத்தினார். 16-ஆம் தேதி மார்கழி பிறக்கிறது. அதற்குள் புது வீட்டில் பால் காய்ச்சியாக வேண்டும். பதினோரு அட்டைப்பெட்டிகள் கட்டினோம். கட்டிலை நகர்த்தியபோது திருகைத் தேடினேன். ஒரு தோடு கிடைத்தது, 2019-இல் தொலைந்ததாம்.

டிசம்பர் 8, திங்கள்

பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு மந்தைவெளியிலிருந்து பறக்கும் ரயிலில் சிந்தாதிரிப்பேட்டை. அங்கிருந்து ஆட்டோவில் ரிச்சி தெரு. நாலைந்து கடைகள் ஏறி இறங்கினேன். கடைசியில் நரசிங்கபுரம் தெருப் பக்கம் ஒரு மாடிப்படியின் கீழ் உட்கார்ந்திருந்த பையன், இருபத்திரண்டு வயது இருக்கும், பெட்டியைத் தொடவே இல்லை. இரண்டே கேள்விதான் கேட்டான்.

"பேட்டரியைக் கழற்றினீர்களா, சார்?"

கழற்றினேன் என்றேன்.

"உள்ளே இரட்டை வட்டு இருக்கிறதா?"

இருக்கிறது.

அப்படியானால் அது ரெய்டு முறையில், அதாவது வட்டுகளை ஒன்றாகச் சேர்த்து நடத்தும் முறையில், இருந்திருக்கும் என்றான். பேட்டரி போனதும், கணினியைத் துவக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸ் தன் அமைப்புகள் எல்லாவற்றையும் மறந்து, வட்டுகளைத் தனித்தனியாகப் பார்க்கும் ஏ.எச்.சி.ஐ. முறைக்குப் போய் உட்கார்ந்துகொண்டது. விண்டோஸ் பழைய வழியில் வட்டைத் தேடுகிறது. வட்டு புது வழியில் காத்துக்கொண்டிருக்கிறது. "திரும்ப ரெய்டு என்று மாற்றிவிடுங்கள், வட்டில் எதுவும் எழுதாதீர்கள்." எவ்வளவு என்றேன். பணம் வேண்டாம் என்றான். வற்புறுத்தி டீ வாங்கிக் கொடுத்தேன். திருகு கேட்டேன், ஒரு டப்பாவைக் கவிழ்த்துத் தேடினான், அந்த அளவு மட்டும் இல்லை.

டிசம்பர் 9, செவ்வாய்

மாற்றினேன். பிழை எழுத்து போனது. சின்னம், புள்ளிகள், இருட்டு.

என் பழைய இருட்டு! அதைப் பார்த்து இவ்வளவு மகிழ்ந்தவன் இந்த ஊரில் வேறு எவனும் இருக்க மாட்டான். ஆக, 1-ஆம் தேதியின் கோளாறு ஒன்று. 3-ஆம் தேதி நான் என் கையால் உண்டாக்கியது இன்னொன்று. ஒன்றை ஒன்று மூடிக்கொண்டிருந்திருக்கின்றன.

பையன் சொன்னபடி புள்ளிகள் சுற்றும்போதே மூன்று முறை மின்சாரத்தை நிறுத்தினேன். பழுதுபார்க்கும் திரை வந்தது. ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் போய் 4-ஐ அழுத்தினேன். கறுப்புப் பின்னணி, நான்கு மூலையிலும் 'சேஃப் மோட்', பூதாகரமான எழுத்துகள். டிவைஸ் மேனேஜரில் புது டிரைவரை நீக்கினேன். மறுபடி துவக்கியபோது கண்ணை மூடிக்கொண்டேன். துவங்கும் ஒலி கேட்டது.

டிசம்பர் 10, புதன்

ஐந்து அத்தியாயங்களும் இருக்கின்றன. மூன்று இடத்தில் நகல் எடுத்தேன். 217-இல் "வாழ்த்துக்கள்".

டிசம்பர் 12, வெள்ளி

அச்சகத்துக்குப் போயாயிற்று. ஒரு மணி நேரம் கழித்து நூலாசிரியர் அழைத்தார். யோசித்துப் பார்த்தாராம், பழையபடி "க்" இருப்பதே காதுக்கு இனிமையாக இருக்கிறதாம்.

நான் பதில் சொல்லவில்லை.

டிசம்பர் 14, ஞாயிறு

கணினியைக் கடைசியாகக் கட்டினேன். போர்வை சுற்றி, மேலே "லாரியில் ஏற்றாதே" என்று எழுதினேன். அணைக்கும்போது திரையின் வலதுபக்க மூலையில் ஒரு புதுப்பிப்பு அறிவிப்பு நின்றது, இரண்டு நாளாக. வீட்டைப் பெருக்கிய குப்பையை முறத்தில் பரப்பி விளக்கடியில் ஒரு தடவை பார்த்தேன். இல்லை.

டிசம்பர் 15, திங்கள்

லாரி வந்துவிட்டது. பால் காய்ச்சும் பாத்திரம் எந்தப் பெட்டியில் என்று